கோஸ்லோவா என்றால் ஆடு

அமெரிக்காவில் என் பெயர் பசுபதி. அது என் அப்பாவின் பெயர். என் பெயர் கதிர். கடைசிப் பெயர் என்று ஒன்று இல்லாமல் இந்த நாட்டுக்குள் நுழைய முடியாது என்றார்கள், அப்பா பெயரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஆபீஸ், ஆஸ்பத்திரி, பேங்க் எங்கே போனாலும் ‘மிஸ்டர் பசுபதி’தான். வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஆடு மேய்க்கிற ஒரு மனிதரின் பெயரை, டெக்சாஸில் பிளானோ நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்களில் கோட் போட்டவர்கள் திக்கித் திணறிச் சொல்லிப் பழகுகிறார்கள். நம் பையன்கள் சிலர் இப்படி அப்பா பெயரால் அழைக்கப்படுவதைச் சங்கடமாகச் சொல்லிக்கொள்வார்கள். நான் யாரையும் திருத்தியதில்லை. நன்றாகச் சொல்லட்டும்.

வேரா அம்மாவை நான் சந்தித்ததும் இந்தப் பெயரால்தான். எங்கள் அபார்ட்மென்ட் ஆபீசில் பார்சல் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். “பசுபதி!” என்று கூப்பிட்டார்கள். போய் வாங்கிக்கொண்டு திரும்பினால், எனக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்கார அம்மா வழியை விடவில்லை. எழுபதைத் தாண்டிய வயது. இறுக்கிப் போட்ட வெள்ளைக் கொண்டை. முதுகு மட்டும் யாரோ அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. அவருடைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘தி’யும் ‘ஏ’யும் கிடையாது. தமிழிலும் அவை கிடையாது என்பதால் எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை. அவர் பேசியதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“பசுபதி உன் பேரா?”

“இல்லைங்க. அப்பா பேரு.”

“அப்பா பேரைக் கூப்பிட்டா நீ ஏன் போறே?”

“எங்க ஊர்ல அப்பா பேரு கூடவே வரும்.”

“எங்க ஊர்லயும் வரும். அப்பா என்ன பண்றார்?”

“ஆடு மேய்க்கிறார்.”

அந்த அம்மா தோள்பையைத் தரையில் வைத்துவிட்டுச் சிரித்தார். ஆபீஸ் பெண் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆட்டுக்காரன் பையன் என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட சிரிப்பை டெக்சாஸில் வந்தும் கேட்க வேண்டுமா?

“கோபப்படாதே,” என்றார். “நானும் ஆடுதான். என் பேர் வேரா கோஸ்லோவா. எங்க பாஷையில கோஸ்லோவான்னா ஆட்டுக்காரர் வீட்டுப் பொண்ணு. உங்க பாஷையில ஆட்டுக்கு என்ன பேர்?”

“ஆடு.”

அவர் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். முதலில் ‘ஆது’ வந்தது, பிறகு ‘ஆட்’, கடைசியில் ‘ஆடு’. சரியாக வந்ததும் எனக்கு ஒரு குறும்பு.

“இன்னொண்ணு தெரியுமா? டான்ஸ் பண்ணுன்னு சொல்றதுக்கும் எங்க பாஷையில அதே வார்த்தைதான். ஆடு.”

சிரிப்பு நின்றது. என்னையே பார்த்தார்.

“திருப்பிச் சொல்லு.”

சொன்னேன். ஆடு என்றால் ஆடு. ஆடு என்றால் டான்ஸ் பண்ணு.

“இதை யாராவது அந்த டைரக்டர்கிட்ட சொல்லியிருக்கணும்,” என்றார். பையை எடுத்துக்கொண்டு, தன் பார்சலை வாங்க மறந்து போய்விட்டார்.

எந்த டைரக்டர் என்று எனக்கு அப்போது புரியவில்லை. தாமரைச்செல்வி அக்காதான் விளக்கினார். எங்கள் தமிழ்ச் சங்க விழாக்களை மைக் பிடித்துத் தொகுத்து வழங்குகிற அதே அக்கா. அவர் மகள் வேரா அம்மாவிடம் பாலே படிக்கிறாள். அந்த ஸ்டுடியோவைப் பிளானோவில் நம் ஆட்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் இந்திய மளிகைக் கடை, மறுபக்கம் புருவம் திருத்துகிற கடை. நடுவில் கண்ணாடிக் கதவு, அதில் கோஸ்லோவா என்று கொட்டை எழுத்து. பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுக் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்கிக்கொண்டு வந்து கூட்டிப்போக வசதி. பிள்ளைகளுக்கு அவர் ‘பாலே ஆன்ட்டி’.

“அந்தம்மா ரஷ்யாவுல எவ்ளோ பெரிய ஆளு தெரியுமா கதிர்?” என்றார் அக்கா. “டிக்கெட்டுக்காகப் பனியில வரிசையில நிப்பாங்களாம். ஆனா வேற பேர்ல. அந்தப் பேரை மட்டும் அவங்க எதிர்ல சொல்லிடாதே. என் பொண்ணு ஒரு தடவை யூடியூப் பார்த்துட்டு சொல்லிட்டா. கிளாஸை விட்டே வெளிய அனுப்பிட்டாங்க.”

அந்த வேறு பெயரின் கதையை அவரே எனக்குச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக, மளிகைக் கடைக்கு வண்டியில் கூட்டிப்போகும் வழிகளில்.

யூரல் மலைப் பக்கம், ரயில் நின்று தண்ணீர் பிடித்துப் போகும் ஒரு சின்ன ஸ்டேஷன்தான் அவர் ஊர். அப்பா யெஃபீம் கோஸ்லோவ், நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவர். நம் ரயில்வேயில் ஃபயர்மேன் என்பார்களே, அந்த வேலை. ஒருநாள் நகரத்திலிருந்து நடனப் பள்ளிக்காரர்கள் வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காலைத் தூக்கிப் பார்த்தார்கள், பாதத்தை வளைத்துப் பார்த்தார்கள், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது மாதிரி. வேராவை எடுத்துக்கொண்டார்கள். அழுதுகொண்டு ரயிலேறிய பெண்ணிடம் அப்பா சொன்ன ஒரே வார்த்தை, “எஞ்சினைப் பார்த்து அழாதே, கரி கண்ணுல விழும்.”

அங்கே எட்டு ஒன்பது வருஷம் கால் விரல் நகம் பெயரப் பெயரப் பயிற்சி. பிறகு ஒரு பெரிய அரங்கம். அதன் பெயரை அவர் இன்றுவரை உச்சரிப்பதில்லை, ‘அந்த வீடு’ என்பார். அந்த வீட்டில் முதன்முதலாகப் பிரதான வேடம் கிடைத்தது. அன்னமாக மாறிவிட்ட ஓர் இளவரசி. சுவரொட்டி அச்சுக்குப் போகுமுன் டைரக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

“அன்னமா ஆடப்போற பொண்ணு பேர் ஆடா? ஊர் சிரிக்கும். இனிமே நீ லெபெதேவா.”

ரஷ்ய மொழியில் லெபெத் என்றால் அன்னம்.

வேராவுக்குப் பத்தொன்பது வயது. மறுக்கத் தெரியவில்லை. அப்பாவுக்கு நேரில் சொல்லிப் புரியவைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அப்பாவோ மகளுக்குச் சொல்லாமலே, ரயில்வே ஊழியர் பாஸில் இரண்டு நாள் பயணம் செய்து முதல் ஆட்டத்துக்கு வந்து இறங்கினார். எஞ்சினில் போடும் அதே கறுப்புக் கோட்டு. சுவரொட்டியில் மகள் பெயரைத் தேடினார். இல்லை. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் குனிந்து, “வேரா கோஸ்லோவாவோட அப்பா நான்,” என்றார்.

“கோஸ்லோவாவா? இங்கே அப்படி யாரும் இல்லை.”

அடுத்த ரயிலில் ஊருக்குத் திரும்பிவிட்டார். உள்ளே மகள் ஆடிக்கொண்டிருந்தாள். அவர் இறந்த பிறகுதான் அம்மா மூலமாக வேராவுக்கு இது தெரிந்தது. சுவரொட்டியில் இருந்த முகம் மகளுடையது, பெயர் வேறு என்பதை ரயிலில் போகும்போது அவர் யோசித்துக் கண்டுபிடித்துவிட்டாராம்.

“என் பேர் அவளுக்கு வெட்கம்னு நினைச்சுக்கிட்டே செத்துப் போனார்,” என்றார் வேரா அம்மா. வண்டி சிக்னலில் நின்றிருந்தது. அவர் அழவில்லை. சன்னலைப் பார்த்து, யாருடனோ சண்டை போடுகிற குரலில்தான் சொன்னார்.

அப்பா வந்து திரும்பியது தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டோடு அவர் போட்ட சண்டைதான் அவருடைய வாழ்க்கை. பெயரைத் திருப்பிக் கொடு என்று கேட்டார். கொடுக்கவில்லை. ரசிகர்கள் கையெழுத்துக் கேட்டால் கோஸ்லோவா என்று போட்டுக் கொடுத்தார். அவர்கள் குழம்பினார்கள். ஒருமுறை நாட்டின் பெரிய தலைகள் எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆட்டம். முடிந்து, திரை மறுபடி உயர்ந்து, “வேரா லெபெதேவா!” என்று அறிவித்தார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவர் வணங்கவில்லை. தலை நிமிர்த்தி, கையைத் தொங்கவிட்டு, அப்படியே நின்றார். திரையை இறக்கினார்கள். மறுபடி ஏற்றினார்கள். அப்படியே நின்றார்.

அடுத்த மாதத்திலிருந்து பின்வரிசை. கூட்டத்தோடு கூட்டமாக, வெள்ளை உடுப்பு போட்ட இருபது பேரில் கடைசி ஆள். “ஆடாவே இருக்க ஆசைன்னா மந்தையில நில்லு,” என்றாராம் டைரக்டர். வெளிநாட்டுப் பயணம் கிடையாது. பெரிய வேடம் கிடையாது. அந்தப் பின்வரிசையிலும் வேரா அம்மா ஒரு நாள்கூடக் காலைச் சோம்பேறித்தனமாக வைத்ததில்லை.

“மந்தைன்னா கேவலம்னு நினைச்சான். மந்தையில ஒரு ஆடு தப்பா கால் வெச்சா மேய்க்கிறவனுக்குத் தெரியும். உங்கப்பாவைக் கேளு.”

அப்பாவைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கதை முழுவதையும் சொன்னேன். அவருக்கு அந்தம்மா பெயர்தான் முதலில் பிடித்தது.

“ஆடுங்கற பேருல என்றா கொறைச்சல், கண்ணு? அந்த அன்னத்த யாரு பாத்தா? ஆடு கண்ணு முன்னால நிக்குதல்ல?” பிறகு யெஃபீமிடம் வந்தார். “அந்த மனுசன் திரும்பிப் போயிருக்கக் கூடாது. ஜன்னல்காரிகிட்ட நின்னு சத்தம் போட்டிருக்கோணும், எம்புள்ள உள்ளதான் இருக்கான்னு. நீ பட்டம் வாங்கறப்ப உங்க காலேஜ் வாட்ச்மேன் என்னைய நிறுத்துனானே, நா நகந்தனா?”

நகரவில்லை. அவர் கேட்டில் போட்ட சத்தம் மண்டபத்துக்குள் கவுன் போட்டு உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான், முதல் பட்டமளிப்பு விழாச் சண்டைக்காரர் அவர்.

இதை வேரா அம்மாவிடம் சொன்னபோது, “உங்கப்பாவுக்கு நல்ல தொண்டை,” என்றார்.

சோவியத் உடைந்த காலத்தில் ஊர் ஊராகச் சுற்றும் ஒரு நடனக் குழுவோடு டெக்சாஸுக்கு வந்தார். குழு நடத்தியவன் பாதியில் கைவிட்டு ஓடிவிட்டான். ஒரு பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டு, ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, மெல்ல மெல்ல இந்த ஸ்டுடியோ. அமெரிக்கா தனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் என்று அவர் சொல்வது இதைத்தான்: இங்கே பாஸ்போர்ட்டில் என்ன கடைசிப் பெயரோ அதைத்தான் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டை அந்த வீடு மாற்றவில்லை. விமான நிலையத்தில் இறங்கியதும் தூக்கக் கலக்கத்தில் ஓர் அதிகாரி, “கோஸ்லோவா?” என்றான். அந்த இடத்திலேயே முழங்காலை மடக்கி வணக்கம் வைத்தாராம். அவன் பயந்துபோய்த் துப்பாக்கியைத் தொட்டானாம்.

இப்போது நம் பொங்கல் விழாவுக்கு வருகிறேன்.

சங்கத் தலைவர் சிவராமகிருஷ்ணன் அங்கிள் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“கதிர், அந்தம்மா வீடியோ பார்த்தேன்பா. பிளாக் அண்ட் ஒயிட்ல. மூச்சே நின்னுபோச்சு! மளிகைக் கடைக்குப் பக்கத்துல இப்படி ஒரு லெஜண்ட் உக்காந்திருக்காங்க, நாம முருங்கைக்காய் பேரம் பேசிட்டு இருக்கோம். பொங்கல் ஃபங்ஷனுக்கு சீஃப் கெஸ்ட்டா இன்வைட் பண்ணு.”

போய்க் கேட்டேன். வேரா அம்மா யோசிக்கவே இல்லை.

“சும்மா வந்து உட்கார மாட்டேன். ஆடறேன். எங்கப்பா பார்க்காம போனாரே, அதுல ஒரு துண்டு. கால் பழைய மாதிரி கேட்காது, கை கேட்கும். உங்க தலைவர் என் வயசைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். பேரை மட்டும் சரியா சொல்லணும்.”

அந்த நடனக் குழு கைவிட்ட பிறகு அவர் எந்த மேடையிலும் ஆடியதில்லை. கூப்பிட்டவர்கள் எல்லோரும் அன்னத்தைத்தான் கூப்பிட்டார்கள், அதனால் போகவில்லை. அந்த ஒரே நிபந்தனையை அங்கிளிடம் சொன்னேன்.

“கோஸ்லோவான்னா யாருக்குப்பா தெரியும்? சர்ச் பண்ணினா லெபெதேவாதானே வருது?”

“அவங்க பேரு கோஸ்லோவா, அங்கிள்.”

“அர்த்தம் பார்த்தியா? ஆடு! ஸ்டேஜ்ல ஆட்டம்மா வர்றாங்கன்னு அனவுன்ஸ் பண்ணவா? நம்ம பேச்சிலர் பசங்க வாட்ஸ்அப்ல மீம் போட்டே கொன்னுடுவானுங்க. அவங்க மரியாதைக்காகத்தான் சொல்றேன்.”

“போடட்டும் அங்கிள்.”

“உனக்கென்ன, உன் புத்தி ஆட்டை விட்டு எங்க போகும்!” என்று முதுகில் தட்டிச் சிரித்தார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனாலும் விடவில்லை நான்.

“போகாது அங்கிள். அதை மேய்ச்சுத்தான் எங்கப்பா என்னை இன்ஜினியர் ஆக்கினாரு. பேரைக் கேட்டுச் சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போகட்டும். அவங்க கேக்கறது அது ஒண்ணுதான்.”

“சரிப்பா, சரி, டென்ஷன் ஆகாதே. கோஸ்லோவான்னே போட்டுடலாம். ஓகேவா?”

ஓகே என்று நம்பி, அதை அப்படியே வேரா அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். அவ்வளவுதான்.

விழா அன்று உயர்நிலைப் பள்ளி அரங்கம் நிறைந்து வழிந்தது. பட்டுப்புடவைகள், ஓடித் திரியும் பிள்ளைகள், வெளியே பிரியாணி வாசனை. முதலில் ஸ்டுடியோப் பிள்ளைகள் ஆடினார்கள். விளக்குகள் அணைந்தன. வேரா அம்மா கறுப்பு உடையில் இருட்டிலேயே நடந்துபோய் மேடை நடுவில் நின்றார். நான் பக்கத்துத் திரை ஓரத்தில் அவர் சால்வையை வைத்துக்கொண்டு நின்றேன்.

விளக்கு வந்தது. அவருக்குப் பின்னால் பெரிய எல்இடி திரையில் வெள்ளை வெளேரென்று ஓர் அன்னம் நீந்தியது. தாமரைச்செல்வி அக்கா தன் கையில் இருந்த அட்டையைப் பார்த்து ஒரு நொடி தயங்கினார். பிறகு எழுதியிருந்ததைப் படித்துவிட்டார்.

“உலகம் அன்னம் என்று கொண்டாடிய வேரா லெபெதேவா!”

கைதட்டல். இசை தொடங்கியது. வேரா அம்மா அசையவில்லை.

இசை போய்க்கொண்டே இருந்தது. கை கீழே தொங்கியபடி, தலை நிமிர்ந்தபடி, அவர் நின்றார். ஒலி அமைப்பைப் பார்த்துக்கொண்டவர் ஏதோ கோளாறு என்று நினைத்து இசையை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டார். அப்படியே நின்றார்.

அங்கிள் என் பக்கத்தில் ஓடி வந்தார். “என்னப்பா ஆச்சு? ஸ்டெப் மறந்துட்டாங்களா? போய்க் கூட்டிட்டு வந்துடு, பாவம்.”

“ஏன் அங்கிள் மாத்தினீங்க?”

“நம்ம ஆளுங்களுக்குப் புரியணுமேன்னு...”

நான் மேடை விளிம்புவரை போனேன். “வேரா யெஃபீமோவ்னா,” என்றேன். அவர்கள் ஊரில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும், பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து.

அவர் தலையைத் திருப்பவில்லை. “போய்ச் சொல்லு,” என்றார். “இங்கே அப்படி யாரும் இல்லை.”

டிக்கெட் ஜன்னலின் வார்த்தை. இசை மறுபடி நின்றது. அரங்கத்தில் சலசலப்பு. முன்வரிசையில் ஒரு குழந்தை, “இஸ் ஷி ஓகே, அம்மா?” என்று கேட்டது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. அப்போதுதான் பின்வரிசையில் இருந்து, பிரியாணிக்காக மட்டும் வந்திருந்த ஏதோ ஒரு பேச்சிலர் குரல்:

“ஆடு!”

சிரிப்பு எழுந்தது. இன்னொருவன் சேர்ந்துகொண்டான். “ஆடு! ஆடு!” தாளத்துக்குக் கைதட்டல். அந்த வரிசை முழுக்க, “ஆடு! ஆடு! ஆடு!”

“யாருடா அது, மரியாதையில்லாம!” என்று அங்கிள் சீறினார். “ஆடுங்கன்னு சொல்லத் தெரியாதா? அந்தம்மா வயசென்ன!”

நல்லவேளை, சொல்லத் தெரியவில்லை. மரியாதையாக ‘ஆடுங்க’ என்றிருந்தால் அதற்குள் அவர் பெயர் இருந்திருக்காது.

வேரா அம்மாவின் முகம் மெல்லப் பின்வரிசைப் பக்கம் திரும்பியது. தமிழில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரே ஒரு வார்த்தை. முகவாய் உயர்ந்தது. பிறகு கை உயர்ந்தது.

இசை இல்லை. அந்தக் கைதட்டல்தான் தாளம். கால்கள் இருந்த இடத்திலேயே மிதித்தன, எழும்பவில்லை. ஆனால் தோளிலிருந்து விரல் நுனிவரை ஓர் அலை போனது, திரும்பி வந்தது. முழங்கைக்குள் எலும்பு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. கூச்சல் போட்டவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். தட்டல் மட்டும் மெதுவாகி, மழை விடுவதுபோல விட்டு, நின்றுபோனது. நிசப்தத்தில் அவர் ஆடினார். பின்னால் திரையில் அந்த அன்னம் கணினி சொன்னபடி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

முடிந்தது. அரங்கமே எழுந்து நின்றது. அவர் வணங்கவில்லை. கையைத் தொங்கவிட்டுத் தலை நிமிர்த்தி நின்றார்.

தாமரைச்செல்வி அக்கா கையில் இருந்த அட்டையை அங்கிள் கண்ணெதிரிலேயே இரண்டாகக் கிழித்தார். ஸ்டுடியோக் கதவில் வாரம் தவறாமல் பார்க்கிற பெயர் அவருக்கு. மைக்கை வாயருகே வைத்து ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொன்னார்.

“வேரா... கோஸ்லோவா.”

அப்போது வணங்கினார். முழங்கால் மடங்கி, நெற்றி தரைக்குப் பக்கத்தில் போகும்வரை தாழ்ந்து, நெடுநேரம் அப்படியே இருந்தார். எழுவதற்கு மட்டும் நான் கைகொடுக்க வேண்டியிருந்தது.

விழா மலருக்கு இதை எழுதச் சொன்னவர் சிவராமகிருஷ்ணன் அங்கிள்தான். ஒரு வார்த்தையும் மாற்றாமல் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை மாற்ற மாட்டார் என்று நம்புகிறேன்.

விழா முடிந்து அன்று வீட்டுக்குப் போகும் வழியில் டோல்வேயில் ஏறியதும் எனக்கு மனசு உறுத்தியது. அவரை ஏமாந்தவராக விட்டுவிடக் கூடாது என்று தோன்றியது.

“ஒண்ணு சொல்லணும்,” என்றேன். “பின்னால இருந்து பசங்க கத்தினாங்களே, அவங்க உங்க பேரைச் சொல்லலை. டான்ஸ் பண்ணுன்னுதான் கத்தினாங்க.”

வேரா அம்மா காலணியைக் கழற்றி மடியில் வைத்துக் கால் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாதா?” என்றார். “அவங்க ஆடுன்னு சொன்னாங்க. எந்த ஆடுங்கறதை நான் முடிவு பண்ணினேன்.”